தங்கமீன் கண்ணில் இல்லாத கதவு

முதலில் நான் கட்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் பிறகு.

தெருவில் லாரி போனால் ஜன்னல் கண்ணாடி அதிரும் கட்டடத்தில், அதிராத மேஜை ஒன்று கட்டினேன். மூன்றங்குலக் கடப்பைக் கல், அதன் அடியில் அளவாகக் காற்றடித்த நான்கு ஸ்கூட்டர் டியூப், அதற்கும் கீழே மணல் நிரப்பிய மரப்பெட்டி. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் ஒரு கார் வாங்கும் விலை என்றார்கள். என் மேஜைமேல் தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசி அரை மணி நேரம் அசையாமல் நின்றது. கரண்ட்டின் இரைச்சல் உள்ளே வராமல் தடுக்க, பெரிய மார்க்கெட் பக்கத்துக் கடையில் வாங்கிய பித்தளை வலையில் ஆள் உயரக் கூண்டு கட்டினேன். எர்த் வராது என்று மூன்று எலக்ட்ரீஷியன்கள் கைவிட்ட இடத்தில் எட்டடிக் குழி தோண்டி, செம்புத் தகடு இறக்கி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு எர்த் எடுத்தேன். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் குழாயை வைத்து, மீன் கண்ணின்மேல் உப்புக்கரைசல் ஒரே சீராகச் சொட்டும் ஏற்பாடு செய்தேன். கடல் காற்றில் மூன்று மாதத்தில் துருப்பிடிக்கும் சாமான்களைப் பதினெட்டு வருஷம் பளபளப்பாக வைத்திருந்தேன்.

இத்தனையும் செய்தவன் ஆறாம் வகுப்பு. அதிலும் முழுப் பரீட்சை எழுதவில்லை.

நம் ஊழியர் சங்க மலருக்கு எழுதச் சொல்லி வீட்டுக்கு வந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறவர்கள் காலையிலிருந்து மாலைவரை கணினி முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்களாம். மீனும் இல்லை, ஊசியும் இல்லை. “எல்லாம் கணக்குலயே வந்துடுதே, அந்தக் காலத்துல நீங்கள்லாம் இன்னா வேலை பார்த்தீங்க?” என்று ஒருவர் கேட்டாராம். அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல்தான் கேட்டிருப்பார். அவருக்காகவே எழுதுகிறேன்.

நான் வேலை கற்ற கதை சின்னது. நோணாங்குப்பத்தில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறையில் நான்கு வருஷம், உப்பளம் பகுதியில் ஒரு லேத் பட்டறையில் இருபத்தொரு வருஷம். ஒரு நாள் சைக்கிளில் ஒருவர் வந்து, பித்தளையில் ஒரு சின்னத் திருகு செய்ய வேண்டும் என்று படம் கொடுத்தார். நான் படத்தைப் பார்த்துவிட்டு, “இப்படிச் செஞ்சா மூணாவது திருப்புல மரை தேஞ்சிடும் சார்” என்றேன். எப்படிச் செய்யலாம் என்று கேட்டார். செய்தே கொடுத்தேன். அடுத்த வாரம் வேலைக்கு வரச் சொன்னார். அவர்தான் டாக்டர் லூர்துநாதன். பாரீஸில் படித்துவிட்டுத் திரும்பியவர். எல்லோரும் அவரை முசியே என்பார்கள், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

முசியே செய்த ஆராய்ச்சி கண்ணைப் பற்றியது. கண்ணின் பின்சுவரில் விழித்திரை இருக்கிறது. அதில் வெளிச்சத்தை வாங்கும் செல் ஒரு வரிசை, மூளைக்குச் சேதி அனுப்பும் செல் ஒரு வரிசை. இரண்டுக்கும் நடுவில் தரகு வேலை பார்க்கும் செல்கள் உண்டு. எதை அனுப்பலாம், எதை அமுக்கலாம் என்று முடிவு செய்வது அந்த நடு ஆட்கள்தான். அந்தச் செல்லின் தோலில் கண்ணுக்குத் தெரியாத கதவுகள் இருக்கின்றன. அயனிக் கால்வாய் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. மின்சாரம் ஏறிய உப்புத் துகள்கள் அந்தக் கதவு வழியாகப் போய்வரும். எந்தக் கதவு எப்போது திறக்கும், எவ்வளவு வேகத்தில் திறக்கும் என்று அளந்து கணக்காக எழுதிக் கணினிக்குக் கொடுத்துவிட்டால், அந்தச் செல் கணினிக்குள்ளேயே உயிரோடு இருப்பதுபோல நடக்கும். இதை மாதிரி என்பார்கள். பொம்மைச் செல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொம்மைக்கு வெளிச்சம் காட்டலாம், கதவை அடைக்கலாம், மீன் ஒன்றும் சாக வேண்டியதில்லை. ஆனால் பொம்மையைச் செய்ய முதலில் நிஜச் செல்லை அளக்க வேண்டும். அளவு தப்பினால் பொம்மை தப்பு.

அளப்பது எப்படி என்று சொல்கிறேன். இன்றைக்கு இது தெரிந்தவர்கள் குறைவு, தெரிந்தவர்களிலும் என்னைப்போல் செய்தவர்கள் இல்லை.

காலை ஏழரைக்கு நான் வருவேன். உப்புக்கரைசல் பாட்டிலைக் கூண்டில் மாட்டி, அதில் தொங்கும் தெர்மாமீட்டரைப் பார்த்து, நோட்டில் சூட்டை எழுதுவேன். இருபத்திரண்டு. ஏசி அறை, எந்நாளும் இருபத்திரண்டுதான். ஒரு தங்கமீனைப் பிடித்து இருட்டு டப்பாவில் ஒரு மணி நேரம் வைப்பேன். அதற்குள், ஊசிக்குள் போகும் வெள்ளிக் கம்பியை ப்ளீச்சில் முக்கி எடுக்க வேண்டும். கம்பி கறுக்கும். வெறும் கறுப்பு போதாது. காக்கை கறுப்பும் கூடாது, ஈயம்போல் மங்கலும் கூடாது. நடுவில் ஒரு நிறம் இருக்கிறது. அதை நான் பார்த்தால் தெரியும். பிறகு கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இரண்டாக இழுத்து ஊசி செய்வேன். பத்து இழுத்தால் நாலு தேறும். எனக்கு ஏழு தேறும்.

அதற்கப்புறம் வாசுகியின் வேலை. பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண், முசியேவிடம் ஆராய்ச்சி மாணவி. மங்கலான சிவப்பு விளக்கில் மீனின் விழித்திரையை எடுத்து, மெல்லிய துண்டாக வெட்டி, மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்து, என் ஊசியை ஒரு செல்மேல் கொண்டுபோய் ஒட்டவைப்பாள். ஒட்டியதும் உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: “புடிச்சிடுச்சுண்ணே.” அதற்குமேல் யாரும் கதவைத் திறக்கக் கூடாது, நடைவழியில் செருப்புச் சத்தம்கூடக் கூடாது. செல்லின் மின்சாரத்தைக் கொஞ்சம் கீழே இழுத்துப் பிடித்தால் மெதுவாகத் திறக்கும் ஒரு கதவு உண்டு. அந்தக் கதவைத்தான் அவர்கள் அளந்தார்கள். திரையில் ஒரு கோடு சரிந்து இறங்கும். எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ அதுதான் கதவு திறக்கும் வேகம்.

முசியேவின் குணத்தைச் சொல்ல வேண்டும். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் குரல் இறங்கும். ரொம்பக் கோபம் வந்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் முகம் மேலாக வைப்பார். அதைப் பார்த்தால் மாணவர்கள் ஒவ்வொருவராக வெளியே நழுவுவார்கள். எதைச் சொன்னாலும் “அலோர்?” என்பார். ‘அப்புறம்?’ என்று அர்த்தம். நாம் சொல்லி முடித்துவிட்டோம் என்று நினைக்கும்போது இந்த ஒரு வார்த்தையைப் போட்டு இன்னும் நாலு வார்த்தை பிடுங்கிவிடுவார். கணினி இருந்தும் கணக்கை முதலில் சாக்பீஸால் கரும்பலகையில்தான் போடுவார். பன்னிரண்டரை மணிக்கு ரொட்டியும் வாழைப்பழமும். என்னை ஒரு நாளும் ஒருமையில் பேசியதில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். சுனாமிக்கு அடுத்த வருஷம் பிரான்ஸிலிருந்து ஒரு பேராசிரியர் எங்கள் ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வந்தார். முசியே ஒரு வாரமாகத் தூங்கவில்லை. வாசுகி செல்லைப் பிடித்தாள். திரையில் கோடு வந்தது, ஆனால் கோட்டின்மேல் மயிர்க்கால்போல் சின்ன நடுக்கம் இருந்தது. கரண்ட்டின் இரைச்சல் அது. என் கூண்டு அதில் முக்கால்வாசியைக் கொன்றிருந்தது. கால்வாசி நின்றது. அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஏசியின் கம்ப்ரெசர்.

பேராசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். முசியேவின் முகம் சுருங்கியது. திறக்கக் கூடாத கதவை நான் சத்தமில்லாமல் திறந்து வெளியே வந்தேன். அந்த அறையின் ஏசி ஸ்விட்ச் நடைவழிப் பலகையில் இருக்கிறது. அதை நிறுத்தினேன். உள்ளே திரும்பியபோது கோடு சவரம் செய்த முகம்போல் வழவழவென்று இருந்தது.

“தண்டபாணி, இன்னா பண்ணீங்க?” என்றார் முசியே.

“வெளியில எர்த் கிளிப்பை இறுக்கினேன் முசியே.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். எட்டடிக் குழி தோண்டியவன் நான். வெளிநாட்டுக்காரர் முன்னால், ஏசியை நிறுத்தினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. முசியே பிரெஞ்சில் அவரிடம் நீளமாக ஏதோ சொன்னார். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று மதியம் ரொட்டியைச் சாப்பிட்டு முடித்துவிட்டு முசியே என்னைக் கூப்பிட்டார்.

“அலோர், இந்த ஆராய்ச்சிப் பேப்பர் அச்சுல வரும்போது உங்க பேரும் வரும். கடைசியில நன்றி சொல்ற எடம் ஒண்ணு இருக்கு. இந்தக் கூண்டைக் கட்டினவர்னு போடறேன்.”

என் பேர் ரேஷன் கார்டிலும் வாக்காளர் பட்டியலிலும் தவிர வேறெங்கும் அச்சில் வந்ததில்லை. அச்சில் வரும், உலகம் முழுக்கப் போகும் என்று சொன்னால் யார் வேண்டாம் என்பார்கள்? அதன்பிறகு என்னால் திரும்ப முடியவில்லை. வாசுகி “புடிச்சிடுச்சுண்ணே” என்றதும் நடைவழியில் ஏசியை நிறுத்துவேன். அவள் முடித்ததும் போடுவேன்.

“உள்ள புழுங்குதுண்ணே, ஏசி ஓடலியா?” என்று ஒரு நாள் கேட்டாள்.

“வோல்டேஜ் கம்மிம்மா. ஸ்டெபிலைசர் கட் பண்ணிடுது.”

ஆய்வுக்கூடம் இருந்த உப்பளம் பகுதியில் வோல்டேஜ் கம்மி என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நான் லீவு போட்ட நாளில் ஏசி ஓடும், இரைச்சல் வரும். மறுநாள் வந்தால் வாசுகி சிரித்துக்கொண்டு சொல்வாள்: “நீங்க இல்லைன்னா உங்க கூண்டுகூட வேலை செய்ய மாட்டேங்குதுண்ணே. ஆளைப் பார்த்துதான் அடங்குது.” அதைக் கேட்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

பதினாலு மாதம் இப்படிப் போனது.

இந்தப் பதினாலு மாதத்தில் முசியேவின் பொம்மைச் செல் அவருக்கு அடங்கவில்லை. ஒரே வகைக் கதவு வைத்துக் கணக்குப் போட்டால் பல செல்லுக்குப் பொருந்தியது, சில செல்லுக்குப் பொருந்தவில்லை. சில செல்களில் கதவு வேகமாகத் திறந்தது, சிலவற்றில் மந்தமாகத் திறந்தது. மந்தமான கோடுகளில்தான் இரைச்சல் இருக்கிறது, ஒருவேளை அதுதான் கணக்கைக் கெடுக்கிறதோ என்று இரைச்சலை வடிகட்டிப் பார்த்தார்கள். அப்போதும் மந்தம் மந்தம்தான். கடைசியில் முசியே பொம்மையில் இரண்டாவது வகைக் கதவு ஒன்றைச் சேர்த்தார். உடனே எல்லாம் பொருந்திவிட்டது. தங்கமீனின் அந்தச் செல்லில் இரண்டு வகைக் கதவு இருக்கிறது, இதுவரை யாரும் சொன்னதில்லை என்று பேப்பர் எழுதி முடித்தார்கள். வாசுகிக்கு அதுதான் பட்டம். திங்கட்கிழமை அனுப்புவதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை, மீன் வந்துவிட்டது என்று சொல்ல முசியேவின் அறைக்குப் போனேன். அவர் இல்லை. கரும்பலகையில் இரண்டு பத்தி எழுதியிருந்தது. இடப்பக்கம் வேகமான செல்கள், வலப்பக்கம் மந்தமான செல்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதை அளந்த தேதி. எனக்கு இங்கிலீஷ் வராது, தேதி வரும். வலப்பக்கத்தில் பதினோரு தேதி. அதில் நாலு தேதி தொடர்ச்சியாக இருந்தது. புதன், வியாழன், வெள்ளி, சனி. அந்த நாலு நாளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சிக்குன்குனியா வந்து முட்டி மடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்த நாட்கள்.

மற்ற தேதிகளைப் பார்த்தேன். ஒன்று மூத்த பெண்ணின் நிச்சயதார்த்தம். ஒன்று மச்சான் வீட்டுக் காதுகுத்து. எல்லாம் நான் லீவு போட்ட நாட்கள்.

சந்தேகத்தோடு விடக்கூடாது என்று வருகைப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். பதினொன்றில் பத்து நான் லீவு. ஒரு தேதியில் மட்டும் என் கையெழுத்து இருந்தது. அப்பாடா என்று இருந்தது ஒரு நிமிஷம். ஒன்று ஒத்துவரவில்லை என்றால் என் சந்தேகமே தப்பாக இருக்கலாம் அல்லவா? பிறகு நினைவு வந்தது. அன்று நடைவழியில் பெஞ்ச் போட்டு முசியே இரண்டு மணி நேரம் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். சரியாக ஸ்விட்ச் பலகையின் அடியில். நான் கை நீட்ட முடியவில்லை.

பதினொன்றும் பொருந்திவிட்டது.

சூடு. நான் ஏசியை நிறுத்தினால் அந்தச் சின்ன அறையில், மூடிய கதவுக்குள், விளக்கும் மெஷினும் ஓடிக்கொண்டிருக்க, பத்து நிமிஷத்தில் சூடு ஏறும். சூடு ஏறினால் எண்ணெய் இளகும், மரை லேசாகும், கதவும் சீக்கிரம் திறக்கும். எஞ்சின் பட்டறையில் பன்னிரண்டு வயசுப் பையனுக்கும் தெரியும். நோட்டில் மட்டும் தினமும் இருபத்திரண்டு. காலை ஏழரை மணி இருபத்திரண்டு. அதை எழுதியதும் நான்தான்.

நோணாங்குப்பம் போகும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனேன். சொன்னால் கூண்டின் பேர் போய்விடும். கூண்டின் பேரில்தான் என் பேர் அச்சில் வரப்போகிறது. சொல்லாவிட்டால் பேர் வரும், அதுவும் இல்லாத ஒரு கதவுக்குப் பக்கத்தில் வரும். எங்கேயோ ஒருவன் அதே மீனை அளப்பான், இரண்டாவது கதவு இல்லை என்பான். அப்போது வாசுகியின் படிப்பும் சந்தி சிரிக்கும், என் பேரும் அதே பக்கத்தில் கிடக்கும். லேத்தில் நான் செய்த சாமான் எதிலும், அளவு தப்பிய ஒன்றில் என் குறி இருந்ததில்லை. உடைத்துப் போட்டுவிட்டு மறுபடி கடைவேன்.

சனிக்கிழமை காலையில் முசியேவின் அறைக்குப் போனேன். வாசுகியும் அங்கே உட்கார்ந்து பேப்பரைக் கடைசியாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

“முசியே, அந்த ரெண்டு கதவும் ஒரே கதவுதான்.”

அவர் நிமிரவில்லை. “எந்த ரெண்டு கதவு?”

“போர்டுல போட்டிருக்கீங்களே. வலது பக்கம் இருக்கிறதெல்லாம் நான் லீவு போட்ட நாளு.”

“அலோர்?”

“நான் வந்த நாள்ல, வாசுகிப் பாப்பா செல்லைப் புடிச்சதும் ஏசியை நிறுத்திடுவேன். இரைச்சல் வராது. நான் வராத நாள்ல ஏசி ஓடும்.”

“அலோர்?”

“ஏசி நின்னா உள்ள சூடு ஏறும் முசியே. நோட்டுல நான் எழுதறது காலையில பார்த்த சூடு.”

அவர் கடிகாரத்தைக் கழற்றினார். மேஜைமேல் வைத்தார். குரல் எனக்கே சரியாகக் கேட்காத அளவுக்கு இறங்கியது.

“எப்பலேர்ந்து?”

“அந்த வெளிநாட்டு புரொபசர் வந்தாரே, அன்னியிலேர்ந்து.”

“அப்ப கூண்டு?”

“முக்கால்வாசி கூண்டு. கால்வாசி ஸ்விட்ச்.”

வாசுகி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வோல்டேஜ் கம்மின்னு சொன்னீங்களேண்ணே” என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வருகைப் பதிவேட்டிலிருந்து தேதிகளைக் குறித்து வந்த தாளை மேஜைமேல் வைத்தேன். முசியே எழுந்து கரும்பலகையின் பக்கத்தில் நின்று ஒவ்வொரு தேதியாக ஒத்துப் பார்த்தார். பதினோராவது தேதிக்கு வந்ததும் திரும்பினார்.

“இந்தத் தேதியில நீங்க இருந்திருக்கீங்க.”

“நீங்க ஸ்விட்சுக்கு அடியில உக்காந்திருந்தீங்க முசியே.”

பிறகு அவர் பேப்பர் கட்டை எடுத்து இழுப்பறையில் வைத்து மூடினார். “திங்கக்கிழமை அனுப்பப் போறதில்ல. திங்கக்கிழமை அளக்கப் போறோம்” என்றார்.

அளப்பதற்குச் சூடுமானி வேண்டும், அதுவும் செல்லின் பக்கத்திலேயே வேண்டும். பாட்டிலில் தொங்குவது உதவாது. கடுகளவு இருக்கும் ஒரு சூடு உணரும் மணியை ரேடியோ கடையில் வாங்கி, இரண்டு மெல்லிய கம்பியில் பற்றவைத்தேன். உப்புத் தண்ணீர் பட்டால் கெட்டுவிடும். மேலே பூச வார்னிஷ் தேடினேன், கிடைக்கவில்லை. வாசுகி பையிலிருந்து நெயில் பாலிஷை எடுத்து நீட்டினாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று பூச்சு பூசினேன். உலகத்தில் எந்தக் கம்பெனியும் அதைவிட நல்ல சூடுமானி செய்திருக்காது, ரோஸ் கலரில்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு வாசுகி செல்லைப் பிடித்தாள். முசியே அவள் பின்னால் நின்றார். நான் நடைவழியில், ஸ்விட்ச் பக்கத்தில். ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

“இருபத்திரண்டு. மந்தம்” என்றாள் வாசுகி.

“நிறுத்துங்க தண்டபாணி” என்று உள்ளிருந்து முசியேவின் குரல் வந்தது.

நிறுத்தினேன். முதல் தடவையாக, சொல்லி நிறுத்தினேன். இருபத்து நாலு என்றாள். இருபத்தாறு. கோடு செங்குத்தாகிக்கொண்டே போகிறது என்றாள். இருபத்தொன்பதில் மறுபடி இழுத்துப் பார்த்தாள். “வேகம். இடப்பக்கத்துச் செல் மாதிரியே இருக்கு முசியே.”

“இப்ப போடுங்க.”

போட்டேன். அறை குளிர இருபது நிமிஷம் ஆனது. அதுவரை அந்தச் செல் ஊசியில் ஒட்டிக்கொண்டே நின்றது. இருபத்திரண்டுக்கு வந்ததும் மறுபடி மந்தம். அதே செல். அதே கதவு. நாற்பது நிமிஷத்துக்கு மேல் ஒரு செல் விடாமல் நின்றது யாருடைய மேஜையால் என்று நான் சொல்லத் தேவையில்லை.

முசியே வெளியே வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. “ஒரே கதவு” என்றார். அவ்வளவுதான்.

அந்தப் பதினாலு மாத அளவுகளையும் தூக்கிப் போட்டார்கள். வாசுகி எல்லாவற்றையும் புதிதாக அளக்க வேண்டியிருந்தது. அவள் என்னோடு பேச ஆரம்பிக்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரம் நான் சும்மா இருக்கவில்லை. ஏசி ஓடினால் இரைச்சல், ஓடாவிட்டால் சூடு, இதுதானே சிக்கல்? கரைசல் வரும் குழாயைத் தெர்மோகோல் பெட்டிக்குள் சுருட்டி வைத்தேன். பெட்டி நிறைய ஐஸ். பெரிய மார்க்கெட்டில் மீனுக்குப் போடும் ஐஸ்தான், காலையில் பஸ்ஸில் வரும்போதே வாங்கி வந்துவிடுவேன். ஐஸில் அதிகமாகக் குளிர்ந்துவிட்டால் சமன் செய்ய, கார் பேட்டரியில் ஓடும் சின்ன ஹீட்டர் ஒன்று. பேட்டரி கரண்ட்டில் இரைச்சல் கிடையாது. ஏசியை நிறுத்திவிட்டுச் செல்லை இருபத்திரண்டில் நிறுத்தினேன். வேண்டுமானால் பதினெட்டில், வேண்டுமானால் முப்பதில். வாசுகி முதல் நாள் அதில் அளந்துவிட்டு வெளியே வந்து, “பஸ்ல மீன் நாத்தத்தோட வர்றீங்கன்னு உங்க பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்கறாங்களாமே” என்றாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

முசியே பொம்மைச் செல்லிலிருந்து இரண்டாவது கதவை எடுத்துவிட்டார். அதற்குப் பதில் சூட்டுக்காக ஒரு எண்ணைச் சேர்த்தார். சூடு இவ்வளவு ஏறினால் கதவு இத்தனை மடங்கு வேகமாகத் திறக்கும் என்று சொல்லும் எண். புது அளவுகள் எல்லாம் அந்த ஒரே கணக்கில் வந்து உட்கார்ந்தன. வாசுகிக்குப் பட்டம் கிடைத்தது.

பேப்பர் அச்சில் வந்ததும் வாசுகியை விட்டுக் கடைசிப் பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். பணம் கொடுத்தவர்களுக்கு நன்றி. பிரெஞ்சுப் பேராசிரியருக்கு நன்றி. நான் இல்லை. செல்லின் சூட்டை “இதற்கென்று செய்யப்பட்ட ஒரு கருவி” நிலையாக வைத்தது என்று நடுவில் ஒரு வரி. செய்தவன் யார் என்று இல்லை.

முசியேவிடம் நேராகவே கேட்டேன்.

“கூண்டுக்காகப் போடறேன்னு சொன்னேன் தண்டபாணி. இப்ப கூண்டைப் பத்தி அப்படி எழுத முடியாதில்ல?”

“கூண்டு வேணாம் முசியே. சூட்டைப் பத்தி எழுதியிருக்கலாமே. அதைக் கண்டுபிடிச்சது நான்.”

“அதை எழுதினா ஸ்விட்ச் கதையையும் எழுதணும்.”

“எழுதுங்களேன்.”

“பேப்பர்ல அதுக்கெல்லாம் எடமில்ல” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றியதாகவே அவர் நினைத்திருக்கலாம். எனக்கு அந்தக் காப்பு வேண்டியிருக்கவில்லை. அதன்பிறகும் ஒன்பது வருஷம் அவரிடம் வேலை பார்த்தேன். அந்தப் பேச்சு மறுபடி வரவில்லை. அவர் இப்போது பிரான்ஸில் மகள் வீட்டில் இருக்கிறார்.

போன வருஷம் வாசுகி லீவில் வந்தபோது என்னைப் பார்க்க வந்தாள். இப்போது அவளே வேறு ஊரில் ஆய்வுக்கூடம் நடத்துகிறாள். மடிக்கணினியைத் திறந்து அந்தப் பொம்மைச் செல்லைக் காட்டினாள். இன்டர்நெட்டில் போட்டு வைத்திருக்கிறார்களாம், உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமாம். கதவு, கதவின் வேகம், சூட்டுக்கான எண், எல்லாம் வரி வரியாக இருந்தது. ஆரம்பத்தில் இருந்த சில வரிகள் மட்டும் வேறு நிறத்தில் இருந்தன.

“இது இன்னாம்மா?”

“இதைக் கம்ப்யூட்டர் படிக்காதுண்ணே. தாண்டிப் போயிடும். மனுஷங்க படிக்கிறதுக்காக எழுதறது. யார் செஞ்சாங்க, எப்ப மாத்தினாங்கன்னு.”

படிக்கச் சொன்னேன். முசியேவின் பேர், அவள் பேர். அதற்குக் கீழே ஏதோ ஒரு நாட்டு மாணவனின் பேர். அவன் என்ன செய்தான் என்று கேட்டேன். விட்டுப்போன ஓர் அடைப்புக்குறியைப் போட்டானாம்.

அடைப்புக்குறி போட்டவனுக்கு இடம் இருக்கிறது.

“என் பேரைப் போட முடியுமா?” என்று கேட்டேன். “முசியேவை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடறேண்ணே” என்றாள். ஒரு வருஷம் ஆகிவிட்டது. அவள் கேட்டாளா, அவர் பதில் சொன்னாரா, தெரியாது. அதனால் இங்கே, எல்லோரும் படிக்கும்படி கேட்கிறேன். முசியேவுக்கும் வாசுகிக்கும் இந்த மலரின் ஒரு பிரதியை அனுப்பும்படி சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

முசியே, பேப்பரில் இடம் இல்லை என்றீர்கள், ஒத்துக்கொண்டேன். இதில் இடம் இருக்கிறது. சூட்டுக்கான அந்த எண்ணுக்கு மேலே ஒரு வரி போடுங்கள். எனக்கு இங்கிலீஷ் வராது, வாசுகி மாற்றிக்கொள்ளட்டும். வரி இதுதான்: “கோ. தண்டபாணி பதினாலு மாதம் ஏசியை நிறுத்தி அளவைக் கெடுத்தார். கெட்டதைக் கண்டுபிடித்துச் சொன்னதும் அவர்தான். சூட்டை நிலையாக வைக்கும் கருவியைச் செய்ததும் அவர்தான்.” முதல் வாக்கியத்தை விட்டுவிட்டு மீதியை மட்டும் போட வேண்டாம். மூன்றும் நான் செய்தது.

கம்ப்யூட்டர் அதைப் படிக்காது என்றாள். படிக்க வேண்டாம்.